முதல் வருடம் தாண்டிய பிறகு

மாற்றுச் சிறுநீரகத்துக்கு வலிக்கத் தெரியாது. கொடையாளியின் உடலிலிருந்து எடுக்கும்போதே அதன் நரம்புகள் அறுபட்டுவிடும். அடிவயிற்றில் பொருத்தும்போது தமனி, சிரை, சிறுநீர்க்குழாய் மூன்றையும் இணைக்கிறோம், நரம்பை இணைப்பதில்லை. அதனால் உடல் அதை உள்ளுக்குள் தாக்கத் தொடங்கியிருந்தாலும் நோயாளி, "நல்லாத்தான் இருக்கேன் மேடம்" என்பார். அவர் சொல்வது பொய்யில்லை. அன்று ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவின் அளவு 1.3 என்றால் அறிக்கையில் யார் கண்ணையும் உறுத்தாது. போன மாதம்வரை அவருக்கு 0.9 இருந்தது என்றால் எனக்கு வேறு வேலை ஓடாது.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-ல் உறவினர் கொடுத்த சிறுநீரகத்தைப் பொருத்தி வெற்றி கண்டபோது, உடல் அதை நிராகரிக்காமல் தடுக்கக் கையில் இருந்தவை அசதயோபிரினும் ஸ்டெராய்டும்தான். எண்பதுகளில் சைக்ளோஸ்போரின் வந்தது, பிறகு டாக்ரோலிமஸ். இன்று பத்துப் பேருக்குப் பொருத்தினால் ஒன்பது பேருக்காவது முதல் வருடம் தாண்டியும் சிறுநீரகம் ஓடுகிறது. ரத்தப் பிரிவு சேராவிட்டாலும் எதிர்ப்புரதங்களை வடித்தெடுத்துவிட்டுப் பொருத்துகிறோம். ஆனால் பத்தாவது, பதினைந்தாவது வருடக் கணக்கு இவ்வளவு வேகமாக முன்னேறவில்லை. அந்த வருடங்கள் அறுவை அரங்கில் தீர்மானமாவதைவிட ஓ.பி.யில்தான் அதிகம் தீர்மானமாகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் கொஞ்சம் குறைந்தால் உடல் சிறுநீரகத்தைத் தாக்கும். கொஞ்சம் கூடினால் மருந்தே அதைக் கெடுக்கும். காலை வேளை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுத்தால்தான் கணக்கு சரிவரும். போட்டுவிட்டு வந்தால் அன்றைய பரிசோதனை வீண். வயிற்றுப்போக்கு வந்தால் மருந்தெல்லாம் வெளியேறி அளவு குறையும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்த மருந்து நேர்மாறு. அதைச் சிதைக்கும் குடல் செல்கள் பேதியில் பழுதாவதால் அளவு ஏறிவிடும். உடலில் நீரும் வற்றியிருக்கும், கிரியாட்டினினும் ஏறும். நிராகரிப்பு என்று அவசரப்பட்டு மருந்தைக் கூட்டினால் கெடுதல் இரட்டிப்பாகும். காசநோய் வந்தால் கதை வேறு: ரிஃபாம்பிசின் தொடங்கிய சில நாட்களில் டாக்ரோலிமஸ் அளவு சரிந்துவிடும். அதனால் முடிந்தவரை அந்த மருந்தைத் தவிர்த்தே சிகிச்சையை அமைக்கிறோம்.

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "இந்த வாரம் எந்த வேளை விட்டுப்போச்சு?" என்று கேட்டால் உண்மை வரும். நைட் ஷிஃப்ட், ஊர்த் திருவிழா, கையில் இருந்த மாத்திரை அட்டை தீர்ந்துபோனது. கடிந்துகொண்டால் அடுத்த முறை சொல்லமாட்டார்கள்.

எனக்குப் பெரிய கவலை வளரும் பிள்ளைகள்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த சிறுநீரகம் கைவிட்டுப்போவது பதினேழு, பதினெட்டு வயதில் அதிகம். அதுவரை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தது அம்மா. பல வீடுகளில் சிறுநீரகம் கொடுத்ததும் அவர்தான். கல்லூரி விடுதிக்குப் போனதும் அறைத்தோழர்கள் முன்னால் மாத்திரை போடப் பையனுக்குக் கூச்சம். "நான் போன்ல ஞாபகப்படுத்திடுறேன் மேடம்" என்கிறார் அம்மா. அது போதாது. விடுதியில் சேருவதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பையனிடம் தனியாகப் பேசுகிறேன். மருந்தின் பெயர், அளவு, வேளை மூன்றையும் அவனே சொல்ல வேண்டும். சேர்ந்த பிறகு முதல் மாதங்களில் அடிக்கடி அளவு பார்க்கிறோம். வந்துபோக முடியாதவர்களைக் கல்லூரிக்குப் பக்கத்து ஆய்வகத்தில் ரத்தம் கொடுத்துவிட்டு, அறிக்கையை வாட்ஸ்அப்பில் எனக்கே அனுப்பச் சொல்கிறேன்.