பதின்மூன்று சீட்டுகள்

நுழையும்முன்

உடலைப் பழக்கிக் களமிறங்கும் விளையாட்டுகள் உண்டு; நினைவையும் நாவையும் முகத்தையும் பழக்க வேண்டிய விளையாட்டும் உண்டு. பிரிட்ஜ் என்னும் சீட்டு விளையாட்டின் பெரும்போட்டி ஒன்றுக்கு முதன்முறையாக ஆயத்தமான சகோதரியர் இருவருள் இளையவர், அந்நாள்களை இக்கட்டுரையில் நினைவுகூர்கிறார்.

சீட்டுக்கட்டு என்னும் சொல் நம் வீடுகளில் நற்பெயர் பெற்றதன்று. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தின் பெயரே ‘சூது’ என்பதுதான். பாரதக் கதையில் தருமன் நாட்டையும் தம்பியரையும் மனைவியையும் இழந்தது தாயக்காய்களால். ஆனாலும் அந்தப் பழியில் ஒரு பங்கு சீட்டின்மீதும் விழுந்திருக்கிறது. அதற்குக் காரணம் இல்லாமலும் இல்லை. பணம் வைத்து ஆடிய சீட்டால் நிலம் இழந்தவர்களின் கதைகளை ஊர்தோறும் கேட்கலாம். எங்கள் குடும்பத்தில் அது பெரிய மாமாவின் கதை. அம்மாவுடன் பிறந்தவர் அவர். வாய்க்காலை ஒட்டியிருந்த நஞ்சை நிலம் கைமாறிய நாளிலிருந்து, அம்மா சீட்டுக்கட்டை வீட்டுக்குள் விட்டதில்லை.

அக்காவும் நானும் பிரிட்ஜ் கற்றது கல்லூரியில். கணிதப் பேராசிரியை ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் மாணவியருக்கு அதனைக் கற்பித்துவந்தார். ஈராண்டுகளுக்குப் பின், சென்னையில் இரண்டு நாள் நடைபெறவிருந்த பெரிய இணையர் போட்டிக்கு எங்கள் பெயரைக் கொடுக்கலாம் என்றார். பெயர் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். போட்டிக்கான முதல் ஆயத்தம் அதுவாகவே இருந்தது.

மூன்று கேள்விகள்

அம்மா கோபப்படவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே மூன்று கேள்விகள் கேட்டார்.

“பணம் வைத்து ஆடுவார்களா?”

மேசையில் ஒரு ரூபாயும் வைப்பதில்லை என்றாள் அக்கா. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றதையும், ஆடவர் இணையர் பிரிவில் இந்தியாவின் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும் தங்கம் வென்றதையும் எடுத்துச் சொன்னாள். அப்போது முன்னவருக்கு வயது 60; பின்னவருக்கு 56.

“நல்ல சீட்டு வந்தவர் வெல்லப்போகிறார், வராதவர் தோற்கப்போகிறார். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது?”

இக்கேள்விக்குத்தான் நாங்கள் காத்திருந்தோம். பிரிட்ஜ் நால்வர் ஆடுவது. எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவர் ஓர் இணை. 52 சீட்டுகளும் ஆளுக்கு 13 எனப் பகிரப்படும். போட்டிகளில், ஒவ்வொருவரும் ஆடிய சீட்டை நடுவில் போடாமல் தம் முன்னேயே வைத்துக்கொள்வர். ஆட்டம் முடிந்ததும் நான்கு அறைகள் கொண்ட ‘போர்டு’ என்னும் சட்டத்தில், அவரவர் சீட்டுகளை அவரவர் திசைக்குரிய அறையில் திரும்ப வைப்பர். அந்தப் போர்டு அப்படியே அடுத்த மேசைக்குச் செல்லும். எங்களுக்கு வந்த அதே சீட்டுகள் மற்ற மேசைகளில் எங்கள் திசையில் அமர்ந்திருப்போருக்கும் வரும். எங்கள் மதிப்பெண், அதே சீட்டுகளை வைத்து அவர்கள் பெற்றதோடு ஒப்பிடப்படும். எளிய சீட்டுகள் வந்தால் அவர்களுக்கும் எளிய சீட்டுகளே. அவர்களைவிடக் குறைவாக இழந்தவர்க்கு மதிப்பெண் மிகுதி.

அம்மா நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “தோற்றவர்கள் ‘இன்னும் ஓர் ஆட்டம்’ என்பார்களே? அண்ணனைக் கெடுத்தது அந்த ஒரு சொல்தான்.”

இங்கே அந்தச் சொல்லுக்கு இடமில்லை என்றேன். ஓர் அமர்வுக்கு 26 போர்டுகள் என்றால் 26தான். முடிந்த போர்டைத் திரும்ப ஆட ஒருவருக்கும் உரிமை இல்லை. அம்மா ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார். “வீட்டிலேயே பழகுங்கள். என் கண்முன் பழகுங்கள்” என்றார்.

கணக்கும் ஆசையும்

28 என்னும் சீட்டாட்டத்தை அறிந்தோர்க்கு ஏலமும் துருப்பும் இணையும் புதியன அல்ல. பிரிட்ஜிலும் அவை உண்டு. இன்று வழங்கும் அதன் மதிப்பெண் முறைக்கு அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925இல் அடித்தளமிட்டார். முதலில் ஏலம், 13 சுற்றுகளில் எத்தனையை வெல்வோம், எவ்வினத்தைத் துருப்பாகக் கொள்வோம் என்று உறுதி கூறுதல். பிறகு ஆட்டம், சொன்னதைச் செய்து காட்டுதல்.

ஒருவர் கைக்கு வரக்கூடிய 13 சீட்டுகளின் சேர்க்கைகள் 63,501 கோடியே 35 இலட்சத்து 59 ஆயிரத்து 600. இவற்றை மனப்பாடம் செய்ய ஒருவராலும் இயலாது. ஆகவே வழிமுறைகளைப் பழக வேண்டும். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 எனக் கையின் வலிமையை எண்ணினோம். கட்டு முழுவதற்கும் 40 புள்ளிகள். என்னிடம் 11, ஏலத்தின்வழி அக்காவிடம் 14 என்று அறிந்தால், எதிரணியிடம் மீதி 15. விழுந்த சீட்டுகளை இனவாரியாக மனத்தில் குறித்துக்கொள்வது அடுத்த பாடம். பேருந்தில் போகும்போதும் பதின்மூன்றிலிருந்து கழித்துக்கொண்டே இருப்பேன்.

வகுப்பில் படித்த சேர்மானங்களும் நிகழ்தகவும் இங்கே உயிர்பெற்றன. ஓர் இனத்தில் எங்கள் இருவரிடமும் 8 சீட்டுகள் இருந்தால் எதிரணியிடம் 5 இருக்கும். அவை 3–2 எனப் பிரிந்திருக்க 100க்கு ஏறத்தாழ 68 வாய்ப்பு உண்டு. எதிரணியிடம் 6 சீட்டுகள் இருந்தால், அவை சரிபாதியாக 3–3 எனப் பிரிந்திருக்கும் என்று மனம் ஆசைப்படும். அதற்கு வாய்ப்பு 36 மட்டுமே. 4–2 எனப் பிரிந்திருக்கவோ 48. ஆசை ஒன்றைச் சொல்லும்போது கணக்கு வேறொன்றைச் சொல்லும் என்பதை அந்த இரண்டு எண்களில் கண்டேன். பெரிய மாமாவிடம் ஒருவரும் இவ்வெண்களைச் சொல்லியிருக்கமாட்டார்கள் என்று தோன்றியது.

முப்பத்தெட்டுச் சொற்கள்

ஏலத்தில் பேசக் கிடைக்கும் சொற்கள் மிகக் குறைவு. ஒன்று முதல் ஏழு வரை எண்கள், கிளாவர், டைமன், ஆர்ட்டின், இஸ்பேட், துருப்பின்மை என ஐந்து வகைகள், இவை 35. இவற்றோடு ‘பாஸ்’, ‘டபுள்’, ‘ரீடபுள்’ என்னும் மூன்றும் சேர்ந்து 38. இந்த 38 சொற்களைக் கொண்டே என் கையை அக்காவுக்கு உணர்த்த வேண்டும். ‘ஒரு இஸ்பேட்’ என்று நான் தொடங்கினால், அவ்வினத்தில் ஐந்து சீட்டுகளாவது உண்டு, 12 புள்ளிகளாவது உண்டு என்பது எங்கள் உடன்பாடு. இவ்வாறு ஒவ்வொரு சொல்லுக்கும் பொருளை வரையறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதினோம். ஏலம் பழக இருவரே போதும். இரவுதோறும் பத்துக் கைகளைப் பகிர்ந்து ஏலம் மட்டும் பேசிப் பார்ப்போம். இருவரும் ஒரு சொல்லுக்கு வேறு வேறு பொருள் கொண்டிருந்தால், குறிப்பேட்டில் மற்றொரு வரி சேரும்.

இந்த மொழியில் மறைபொருளுக்கு இடமில்லை. இணையர் தம் உடன்பாடுகளை அட்டையில் எழுதி மேசையில் வைக்க வேண்டும். ஓர் ஏலத்தின் பொருள் என்ன என்று எதிரணி கேட்டால் விளக்க வேண்டும். அதைவிடக் கடினமானது மற்றொரு விதி. ஏலத்தாலும் ஆடும் சீட்டாலும் மட்டுமே இணையர்க்குச் செய்தி சொல்லலாம். பார்வையாலோ குரலாலோ கூடாது. ஒருவர் நெடுநேரம் தயங்கினால் அது குற்றமன்று. அத்தயக்கத்திலிருந்து இணையர் ஒன்றை உணர்ந்து பயன்கொண்டால் அதுவே குற்றம்.

உடன்பிறந்தோர்க்கு இது எளிதன்று. அக்கா கீழுதட்டைக் கடித்தால் அவள் மனத்தில் ஓடுவது என்ன என்பதைச் சிறுவயதுமுதல் அறிந்தவள் நான். அறிந்ததை அறியாததாகக் கொண்டு, என் சீட்டுகள் சொல்வதை மட்டுமே கேட்டு முடிவெடுக்கப் பழக வேண்டியிருந்தது. உயர்நிலைப் போட்டிகளில் இணையர் ஒருவரையொருவர் காணாதபடி மேசைக்குக் குறுக்கே திரை வைப்பதுண்டு. நாங்கள் கூடத்தில் கயிறு கட்டி அம்மாவின் பழைய சேலையைத் தொங்கவிட்டோம். ஆளுக்கொரு பக்கம் அமர்ந்து, ஏலத்தைத் தாளில் எழுதிச் சேலைக்கு அடியில் நகர்த்தினோம். விரைவாக முடிவெடுத்தாலும் தாமதமாக முடிவெடுத்தாலும் ஒரே சீரான நேரத்தில் தாளை நகர்த்தப் பழகினோம்.

அம்மா இருபக்கமும் தெரியும்படி முக்காலியைப் போட்டு அமர்ந்திருப்பார். “ஏமாற்றாமல் இருப்பதற்குச் சேலை கட்டும் சீட்டாட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன்” என்றார் ஒருநாள். ஆனால் சீட்டைத் தொடமாட்டார். பாயைவிட்டு நழுவிய சீட்டை விரலால் சுட்டுவாரேயன்றி எடுத்துத் தரமாட்டார்.

இரண்டு நாள்கள்

ஒரு போர்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ ஏழரை நிமிடம். 26 போர்டுகளுக்கு மூன்றேகால் மணி நேரம். கடைசி போர்டிலும் முதல் போர்டின் தெளிவு இருக்க வேண்டும் என்பதற்காக, ஞாயிறுதோறும் பேராசிரியையின் வீட்டில் கடிகாரம் வைத்து 26 போர்டுகளை ஒரே அமர்வில் ஆடினோம். போட்டிக்கு முந்திய வாரம் புதிய உத்தி எதனையும் கற்கக் கூடாது என்றார் அவர். உறக்கத்தைக் குறைக்கவும் கூடாது. அவர் இட்ட கடைசிக் கட்டளை, அமர்வு முடியும்வரை முடிந்த போர்டைப் பற்றி ஒரு சொல்லும் பேசக் கூடாது என்பது. முன்னைய ஆட்டத்தை மனத்தில் சுமப்பவர் கையில் பதின்மூன்று சீட்டுகளுக்கு மேல் இருக்கும் என்பார்.

போட்டி மண்டபத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மேசைகள். அத்தனை பேர் கூடிய இடத்தில் சீட்டுகள் மேசையில் படியும் ஓசை மட்டுமே கேட்டது. எங்களைவிட நாற்பது வயது மூத்தவர்கள் எழுந்து வணக்கம் சொல்லி எதிரே அமர்ந்தார்கள். இரண்டு நாள் முடிவில் பட்டியலின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழே எங்கள் பெயர் இருந்தது.

அம்மா கேட்டது தரவரிசையை அன்று, மதிப்பெண் தாளை. கண்ணாடியை அணிந்துகொண்டு வரிவரியாகப் பார்த்தவர் 17ஆம் போர்டில் நின்றார். “420 இழந்திருக்கிறீர்கள். ஆனால் நல்ல மதிப்பெண் போட்டிருக்கிறதே?”

எதிரணி அந்தப் போர்டில் 10 சுற்றுகளை வென்றது. அக்கா முதலில் இறக்கிய சீட்டு அவர்களின் பதினோராவது சுற்றைத் தடுத்துவிட்டது. மற்ற மேசைகள் பலவற்றில் அவர்கள் 11 வென்றதால், எங்கள் திசையில் இருந்தோர் 450 இழந்திருந்தனர்.

“அதே சீட்டுகளை வைத்தா?”

“அதே சீட்டுகளை வைத்துத்தான் அம்மா.”

போட்டியில் தந்த பகிர்வுத் தாளைப் பார்த்து, அக்கா 52 சீட்டுகளையும் நான்கு திசைகளாகப் பாயில் பிரித்து வைத்தாள். மேற்கில் அவளும் கிழக்கில் நானும் அமர்ந்தோம். வடக்கின் சீட்டுகள் விதிப்படி எல்லோரும் காண விரிக்கப்பட்டன. அம்மா முக்காலியிலிருந்து இறங்கித் தெற்கே அமர்ந்தார். “பதினோராவதை எப்படித் தடுத்தீர்கள் என்று பார்க்கிறேன்” என்று சொல்லி, பதின்மூன்று சீட்டுகளையும் கையில் எடுத்தார்.