ரெண்டாம் பாகம்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையாக இருப்பவர்கள் இரவு படித்துக்கொள்ளலாம்.

முழு ஆண்டு லீவுக்குப் பேரன் வந்திருக்கிறான். பத்து நாளாக அவனும் நானும் சண்டைப் படங்களாகப் பார்த்துத் தள்ளுகிறோம். அவன் பாட்டி "இந்த வயசுல டிஷ்யூம் டிஷ்யூமா?" என்று கேட்டுவிட்டு, பாதிப் படத்தில் அவளும் வந்து உட்கார்ந்துகொள்வாள். 'சாமி' பார்த்த மறுநாள் 'சாமி ஸ்கொயர்' போட்டோம். அரை மணி நேரம்கூட ஆகவில்லை, பேரன் ரிமோட்டை எடுத்துவிட்டான். "தாத்தா, ரெண்டாம் பாகம்னாலே வேஸ்ட்டு தாத்தா" என்றான்.

நானும் அவன் கட்சிதான், முதலில். 2003இல் வந்த 'சாமி'யில் விக்ரம் இட்லிக்குச் சாம்பார் போல பீரை ஊற்றிச் சாப்பிடுவார். வாத்தியாராக அதை நான் பாராட்ட முடியாது. ஆனால் ஆள் எப்படிப்பட்டவர் என்று அந்த ஒரு காட்சியில் தெரிந்துபோகிறது. கோட்டா சீனிவாச ராவின் பெருமாள் பிச்சையோடு ஆறுச்சாமி உடன்பாட்டுக்குப் போகும்போது, இவர் நல்லவரா கெட்டவரா என்று நமக்கே ஒரு குழப்பம் வரும். 2018இல் வந்த இரண்டாம் பாகத்தில் அந்தக் குழப்பம் இல்லை, சத்தம்தான் கூடியிருக்கிறது. த்ரிஷாவை நாம் புவனாவாகப் பார்த்துப் பழகியிருக்க, அதே புவனாவாக ஐஸ்வர்யா ராஜேஷ் வருகிறார். நல்ல நடிகை, குறை அவர் மேல் இல்லை. ஆனால் பார்க்கிறவனுக்கு ஞாபகம் என்று ஒன்று இருக்கிறதே!

'சிங்கம்' இன்னும் நல்ல உதாரணம். 2010இல் வந்த முதல் படத்தில் சண்டை எதில் ஆரம்பிக்கிறது? ஒரு கையெழுத்தில். நிபந்தனை ஜாமீனில் வந்த மயில்வாகனம் நல்லூர் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும். தனக்குப் பதிலாக வேறு ஆளை அனுப்புகிறான். "நீயே வந்து போடு" என்று நிற்கிறார் துரைசிங்கம். அவ்வளவுதான் கதை. (நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொன்னவர்கள் சிலர் இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். எனக்குத் தெரியும்.) அடுத்தடுத்த பாகங்களில் கடல், கப்பல், தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா என்று ஊர் பெரிதாகிக்கொண்டே போனது. அந்தக் கையெழுத்து நோட்டு தந்த சூடு எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இரண்டாம் பாகத்தில் துரைசிங்கம் பள்ளிக்கூடத்தில் என்.சி.சி. ஆசிரியராக இருப்பது எனக்குப் பிடித்தது. மாணவி ஒருத்தி அவரைக் காதலிப்பதாக வைத்தது பிடிக்கவில்லை. முப்பத்தைந்து வருடம் வகுப்பறையில் நின்றவனுக்கு அது பிடிக்காது.

ஆனால் பேரனிடம் தோற்கவும் மனசில்லை. "இரு, ஒண்ணு காட்டுறேன்" என்று 'டெர்மினேட்டர்' இரண்டையும் அடுத்தடுத்த நாள் போட்டேன். இரண்டும் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தவை. 1984இல் எடுத்த முதல் படத்துக்கு ஆன செலவு சுமார் 64 லட்சம் டாலர். 1991இல் வந்த இரண்டாவதற்குச் சுமார் 10 கோடி டாலர். பணம் கூடினால் படம் கெடும் என்ற கணக்கு இங்கே செல்லாது. முதல் படத்தில் சாரா கானர் ஹோட்டலில் பரிமாறுகிற சாதாரணப் பெண். எதிர்காலத்திலிருந்து வந்த இயந்திரம் டெலிபோன் டைரக்டரியைக் கிழித்து, அந்தப் பெயர் உள்ளவர்களை வரிசையாகக் கொன்றுகொண்டே வருகிறது. இரண்டாம் பாகத்தில் அவளை நமக்கு அடையாளமே தெரியவில்லை. கையெல்லாம் முறுக்கேறி, மனநல மருத்துவமனையில் அடைபட்டுக் கிடக்கிறாள். அவள் கண்ணால் கண்டதை ஒருவரும் நம்பவில்லை.

அங்கிருந்து தப்பி வராந்தாவில் ஓடி வருகிறாள். எதிரே லிஃப்ட் திறக்கிறது. அதே அர்னால்டு, அதே முகம். அவன் இம்முறை காப்பாற்ற வந்தவன் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. அத்தனை பலம் வந்த பெண் வழுக்கி விழுந்து, தரையிலேயே பின்னால் நகர்கிறாள். தனிப் படமாக எடுத்தால் இந்தக் காட்சிக்கு இந்த உயிர் வராது. முதல் படத்தில் அவள் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு விழுதலில் இருக்கிறது. முதல் பாகத்தைத் திரும்பச் செய்து காட்டாமல், அது அவளை என்ன செய்துவிட்டது என்று காட்டுகிறார் கேமரூன். பிறகு அவளே துப்பாக்கி எடுத்துக்கொண்டு ஒரு குடும்பஸ்தனைக் கொல்லப் போவாள். இயந்திரம் பையனிடம் மனிதத்தனம் கற்கிறது, அம்மா இயந்திரமாகிக்கொண்டிருக்கிறாள். சுட முடியாமல் அவள் சுருண்டு உட்காரும் இடத்தில் பேரன் மிக்சர் தின்பதை நிறுத்திவிட்டான்.

இந்தப் படம் ஓடும்போதுதான் இன்வெர்ட்டர் பார்க்க என் பழைய மாணவன் ஒருவன் வந்தான். பெயர் வேண்டாம், அவனும் இதைப் படிப்பான். ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டே லிஃப்ட் காட்சியை நின்று பார்த்தான். "அங்கிள், ரெண்டாம் பாகமும் நல்லா இருக்குல்ல?" என்று பேரன் கேட்டான். இவன் சிரித்துக்கொண்டே, "நானே ரெண்டாம் பாகம்தான் தம்பி, உங்க தாத்தா கிளாஸ்ல" என்றான்.

பேரனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இவன் அண்ணன் மூன்று வருடம் முன்பு என் வகுப்பில் முதல் மாணவன். இவன் வந்த முதல் நாளே "அவன் தம்பியா நீ?" என்று கேட்டு, அண்ணன் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார வைத்தேன். பாதி நாள் வாயில் அண்ணன் பெயர்தான் வரும். பேச்சுப் போட்டியில் அண்ணன் பரிசு வாங்கிய அதே காமராசர் உரையை, அதே கையசைவோடு இவனுக்கும் பழக்கினேன். மேடையில் நான்காவது வரியில் நின்றுவிட்டான். இறங்கி வந்த பிள்ளையிடம், எல்லோர் முன்னாலும், "உன் அண்ணனா இருந்தா இப்படியா?" என்றேன். அதற்குப் பிறகு அவன் மேடை ஏறவே இல்லை. அதே வருடம் பள்ளி ரேடியோவைப் பிரித்துப் பாட வைத்தவன் அவன்தான். பெற்றோரிடம் அதைக் குறும்பு என்று சொல்லி அனுப்பினேன்.

"தப்பு என்னோடதுப்பா" என்றேன். பேரன் பாட்டியைப் பார்த்தான்.

"அட விடுங்க சார். பேட்டரியில தண்ணி குறைஞ்சிருக்கு. டிஸ்டில்டு வாட்டர் இருக்கா?" என்று கேட்டுவிட்டு மாடிப்படிக்குக் கீழே குனிந்துவிட்டான்.

அவன் போன பிறகு பணம் அனுப்ப அவன் நம்பரைத் தேடினேன். போனில் அவன் பெயரில் இல்லை. அண்ணன் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'தம்பி' என்று பதிந்து வைத்திருக்கிறேன். மாற்றத் தெரியாமல் பேரனைக் கூப்பிட்டேன். "அங்கிள் பேரு என்ன தாத்தா?" என்றான். சொன்னேன்.