மகளுக்கு ஒரு மடிக்கணினி

அறிவியல்நகரிலுள்ள யாழ். பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்தில் என் மகளுக்கு இடம் கிடைத்தது. எங்கள் மாவட்டத்திலேயே என்று மகிழ்ந்திருந்தபோது மடிக்கணினிக் கவலை வந்தது. காலபோக நெல் விற்ற காசு கையில் இருந்தது. அதில் பாதி உரக்கடைக் கடனுக்கு.

கடைக்காரர் முதலில் பெரியதொன்றைக் காட்டினார். 2022இல் டொலர் ஏறியபோது கூடிய விலைகள் பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. விலையைக் கேட்டதும் என் கை கழுத்துச் சங்கிலிக்குப் போனது.

"அடைவு வைக்க வேண்டாம் அம்மா. முதல் வருசம் எல்லாருக்கும் பொதுப்பாடம்தான். குடிசாரோ, கணினியோ எண்டு பிறகுதான் பிரிப்பினம்" என்றாள் மகள்.

பிறகு கடைக்காரரைக் கேட்டாள்: "இதில ராம் பிறகு கூட்டலாமோ, இல்லாட்டி போர்டில ஒட்டினதோ?"

தாய்மாரே, இந்தக் கேள்வியை நீங்களும் கேளுங்கள். மெல்லிய கணினிகள் பலவற்றில் அது ஒட்டியே வரும். பிறகு கூட்ட முடியாது. வரைபடம் கீறும் ஓட்டோகாட் மென்பொருளுக்கு 8 ஜிபியாவது வேண்டுமாம். (மாணவருக்கு அது இலவசம் என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.)

பாவித்த கணினி ஒன்றை எடுத்தோம். 8 ஜிபி இருக்கிறது, இன்னும் 8 போட இடமுண்டு. பற்றரி மட்டும் பழசு; மின்சாரம் நின்றால் அரை மணித்தியாலமும் தாங்காது. சிறுபோகம் வெட்டியபின் மாற்றலாம் என்றிருக்கிறோம்.