மறைந்து நின்ற பலகை

நான் இருசக்கர வாகனம் ஓட்டத் தொடங்கி நாற்பது ஆண்டுகள் நிறைந்துவிட்டன. இத்தனை காலத்தில் ஒரு காசுகூட அபராதம் கட்டியவன் அல்லன் என்பது என்னுடைய சிறிய பெருமைகளுள் ஒன்றாக இருந்து வந்தது. வீட்டுக்கு வரும் விருந்தினரிடம் இதை நான் எடுத்துரைக்கத் தொடங்கினால், என் மனைவி மெல்ல எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். அத்தனை முறை கேட்டுச் சலித்தவள். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் ஒரு காலை வேளையில் அந்தப் பெருமைக்கு முடிவு வந்தது.

திருவரங்கத்தில் வசிக்கும் பழைய நண்பர் ஒருவர் கண்புரை அறுவை செய்துகொண்டிருந்தார். என்னோடு ஒரே பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைப் பார்த்து வரலாம் என்று ஸ்கூட்டரில் புறப்பட்டேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே ஆயத்தமாகிக்கொண்டிருந்த நாட்கள் அவை. சத்திரம் பேருந்து நிலையத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறும்போதே கூட்டத்தின் இரைச்சல் தொடங்கிவிட்டது.

சிந்தாமணியையும் மாம்பழச்சாலையையும் இணைக்கும் அந்தக் காவிரிப் பாலத்தைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். 1976-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட பாலம் அது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுச் சுமை தாங்கிய பிறகு, பழுது பார்ப்பதற்காக 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. முதலில் இருசக்கர வாகனங்களையாவது விட்டார்கள்; சில வாரங்களில் அதுவும் நின்றது. 2023 மார்ச்சு மாதம் மீண்டும் திறக்கும் வரையில், எதிர்க்கரையில் கண்ணுக்கு எட்டுகிற ஊருக்கு ஓயாமரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனோம். அந்த மாதங்களில் எங்கே திரும்பலாம், எங்கே திரும்பக்கூடாது என்பது அடிக்கடி மாறிக்கொண்டேயிருந்தது. பழகிய கால் பழைய வழியிலேயே போகும் என்பார்கள். பழகிய ஸ்கூட்டரும் அப்படித்தான்.

பாலத்தைக் கடந்து சிறிது தூரம் சென்று, வழக்கம் போல் வலப்புறத் தெரு ஒன்றில் திரும்பினேன். தெருவின் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன்; அங்கே வசிப்பவர்கள் என்ன பிழை செய்தார்கள்? திரும்பிய இருபதாவது அடியில் காவலர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார். எனக்கு முன்பே அங்கே ஒருவர் நின்றிருந்தார். மொபெட்டின் முன்புறத்தில் இரண்டு பூக்கூடைகள். ஈரச் சாக்கு போர்த்திய கூடைகள். அந்தநல்லூர்ப் பக்கத்திலிருந்து பூ ஏற்றிக்கொண்டு வருபவர் என்பது பேச்சில் தெரிந்தது.

“வலப்பக்கம் திரும்பக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறதே, ஐயா பார்க்கவில்லையா?” என்று காவலர் என்னிடம் கேட்டார். குரலில் மரியாதைக் குறைவு ஏதும் இல்லை.

“பலகையே இல்லையே, தம்பி” என்றேன்.

“இருக்கிறது ஐயா. நான் காலையில்தான் பார்த்தேன்.”

பூக்காரர் இதைக் கேட்டு என் பக்கம் திரும்பினார். தாமும் இதையே சொல்லிப் பார்த்ததாகவும், சொன்னது எடுபடவில்லை என்றும் அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் சொன்னால் எடுபடக்கூடும் என்று எதிர்பார்த்தார் போலும். நான் மேற்கொண்டு வாதாடவில்லை. தெருவில் நின்று காவலரோடு தர்க்கம் செய்வதை, என்னிடம் படித்த பிள்ளைகள் யாரேனும் பார்த்துவிட்டால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் என்னைத் தள்ளியது. கைப்பேசி வழியாக 500 ரூபாயைக் கட்டினேன். கையடக்கக் கருவியிலிருந்து அபராதச் சீட்டு சுருண்டு வந்தது. பூக்காரரிடம் அப்படிக் கட்டும் வசதி இல்லை. வண்டி எண்ணின் பேரில் தொகை பதிவாகிவிட்டது. பிறகு கட்டிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினார்கள். கூடைகள் வெயிலில் நிற்கின்றனவே என்ற தவிப்போடு அவர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்.

நண்பர் கறுப்புக் கண்ணாடியோடு திண்ணையில் அமர்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். “அறுவை எனக்கா, உனக்கா?” என்று கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

திரும்பும்போது அந்த முனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பலகை இருக்கத்தான் செய்தது! காவலர் பொய் சொல்லவில்லை. ஆனால் அதே கம்பத்தில், அதற்கு முன்னால், ஆளுயரத்துக்கும் மேலாக ஒரு பிளக்ஸ் பேனர் இழுத்துக் கட்டப்பட்டிருந்தது. யார் வீட்டுக் காதணி விழாவுக்கோ வரவேற்பு. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய இரண்டு குழந்தைகள், மாமன்மார் எழுவரின் படங்கள், ஒரு யானை. அந்த யானையின் முதுகுக்கு மேலே, சிவப்பு வளையத்தின் விளிம்பு நகக்கீற்றளவு தெரிந்தது. பின்பக்கமாகச் சென்று அண்ணாந்தால் பலகையின் முதுகைக் காணலாம். காவலர் காலையில் பார்த்ததும் உண்மையாக இருக்கலாம். பேனர் அதற்குப் பின்னர் கட்டப்பட்டிருக்கலாம். கைப்பேசியில் நான்கைந்து படங்கள் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து தம்பி மகனை அழைத்தேன். அவன் வழக்கறிஞன். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தை அவன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். சாலையில் வைத்துள்ள கட்டாயக் குறியீடுகளுக்கு ஒவ்வோர் ஓட்டுநரும் கட்டுப்பட வேண்டும் என்பது 119-ஆம் பிரிவு. தனித் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு அபராதம் விதிப்பது 177-ஆம் பிரிவு. முன்பு 100 ரூபாய் வரை என்றிருந்த அந்தத் தொகை, 2019-இல் செய்த திருத்தத்தால் முதல் முறைக்கு 500 வரை என்றும், மறுமுறைக்கு 1500 வரை என்றும் உயர்ந்தது. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் நடைமுறைக்கு வந்தது 2022 அக்டோபரில்.

இதுவரை எனக்கும் ஓரளவு தெரியும். தெரியாதது 116-ஆம் பிரிவு. குறியீடுகளை நிறுத்தும் அதிகாரத்தைச் சொல்லும் அந்தப் பிரிவிலேயே இன்னொன்றும் இருக்கிறது. போக்குவரத்துக் குறியீட்டை மறைக்கும்படி எந்த விளம்பரமோ பலகையோ இருந்தாலும், காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அதை அகற்றலாம், அகற்றச் செய்யலாம். அதாவது, யானையின் முதுகுக்குப் பின்னால் பலகை ஒளிந்துகொள்ளக்கூடும் என்பதை 1988-லேயே சட்டம் எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். அவர்களுக்கும் முன்பே, 1968-இல் வியன்னா நகரில் கூடிய நாடுகள் சாலைக் குறியீடுகளைப் பற்றி ஓர் உடன்படிக்கை செய்தன. 1980-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. குறியீட்டின் பார்வையைக் குறைக்கும் எதையும் வைக்கக்கூடாது என்பது அதிலும் உண்டு.

“இங்கிலாந்தில் இதே போன்ற ஒரு வழக்கு 2006-இல் நடந்தது, பெரியப்பா” என்றான் அவன். வேக வரம்பு காட்டும் பலகையைச் சாலையோரச் செடிகொடிகள் வளர்ந்து மூடிவிட்டன. வேகமாகச் சென்றதாகத் தண்டிக்கப்பட்ட ஓட்டுநர் உயர்நீதிமன்றம் சென்றார். வரம்பு என்னவென்று ஓட்டுநர் போதுமான அளவு அறிந்துகொள்ளும்படி குறியீடு இல்லாதபோது அவரைக் குற்றவாளி என்று கொள்ள முடியாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, தண்டனையை நீக்கியது. அந்நாட்டுத் தீர்ப்பு நம் நாட்டை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. எனினும் நியாயம் எந்த நாட்டிலும் நியாயந்தானே!

“அப்படியானால் நான் வழக்காடலாமா?” என்றேன்.

“கட்டாமல் இருந்திருந்தால், நீதிமன்றத்தில் படங்களைக் காட்டிச் சொல்லியிருக்கலாம். நீங்கள்தான் கட்டிவிட்டீர்களே. கட்டியது குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் போகும்.”

அன்றிரவு எனக்கு உறக்கம் சரியாக வரவில்லை. 500 ரூபாய் போனதற்காக அன்று. ஓய்வூதியம் வாங்குபவனுக்கு அது ஒரு நாள் எரிச்சல், அவ்வளவே. செய்யாத பிழையை, கூச்சத்துக்கு அஞ்சி, செய்ததாக ஒப்புக்கொண்டேனே என்பதுதான் உறுத்தியது. வகுப்பில் முப்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு நேர்மையைப் பாடமாகச் சொன்னவன், தெருவில் இரண்டு நிமிடம் நின்று, ‘தம்பி, வா, சேர்ந்து போய்ப் பார்ப்போம்’ என்று சொல்லியிருந்தால் போதும். இருபது அடி தூரந்தான். அவர் வந்து பார்த்திருப்பார் என்றே இன்றும் நினைக்கிறேன்.

மறுநாள் உரிய அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிப் படங்களை இணைத்து அனுப்பினேன். பேனரின் அடியில் அச்சடித்திருந்த எண்ணையும் அழைத்தேன். பேசியவர் குழந்தைகளின் தந்தை. சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று முதலில் நினைத்தார். விவரம் கேட்டதும் வருந்தினார். “எங்கே கட்டினார்கள் என்று எனக்கே தெரியாது, ஐயா. நாலு பேர் பார்க்கிற இடமாகக் கட்டச் சொன்னேன்” என்றார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. நாலு பேர் பார்வையும் தவறாமல் விழுகிற இடமாகத் தேடித்தான் குறியீட்டுப் பலகையை நிறுத்துகிறார்கள். பேனர் கட்டுகிறவரும் அதே இடத்தைத்தான் தேடுகிறார். உறுதியான கம்பமும் அங்கே தயாராக இருக்கிறது! யாருக்கும் யார்மீதும் பகையில்லை. ஆனாலும் ஒன்று மற்றொன்றை விழுங்கிவிடுகிறது. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் திருமண பேனர் சரிந்து, அதனால் நிலை தடுமாறி விழுந்த இளம்பெண் லாரியில் அடிபட்டு உயிரிழந்தாரே, அங்கும் கட்டியவர்கள் கொலை செய்ய எண்ணியா கட்டினார்கள்? அப்போது உயர்நீதிமன்றம் கடுமையாகப் பேசியது; சில மாதங்கள் பேனர்கள் குறைந்தும் இருந்தன.

என் மனுவுக்குப் பதில் வரவில்லை. ஆனால் அந்தத் தந்தை ஆள் அனுப்பி மறுநாளே பேனரை அவிழ்க்கச் செய்துவிட்டார். விழாவுக்கு வரும்படி என்னையும் அழைத்தார். போகவில்லை, போயிருக்கலாம்.

பூக்காரரின் நினைவு மட்டும் விடவில்லை. பொங்கலுக்குப் பின் ஒரு விடியற்காலை, சாத்தார வீதியிலுள்ள பூச்சந்தைக்குச் சென்றேன். பெயர் தெரியாது, மொபெட்டின் ஈரச் சாக்கு மட்டும் நினைவிருந்தது. அங்கே எல்லா மொபெட்டுகளிலும் ஈரச் சாக்கு இருந்தது. இரண்டாவது நாள்தான் அவர் கண்ணில் பட்டார். என்னை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். வண்டிக்குக் காப்பீடு புதுப்பிக்க வேண்டியிருந்ததால், பாக்கி எதுவும் வேண்டாமென்று கணினி மையத்தில் 50 ரூபாய் கூலி கொடுத்து அபராதத்தைக் கட்டிவிட்டாராம். அன்றைக்குப் பூ சந்தைக்குப் பிந்தி வந்து, விலையும் இறங்கிவிட்டதாம்.

கைப்பேசியை எடுத்து, யானைக்குப் பின்னால் ஒளிந்திருந்த பலகையைக் காட்டினேன். நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“இந்தப் படத்தை அன்றைக்கே எனக்குக் காட்டியிருந்தால், நானும் கொண்டுபோய்க் காட்டியிருப்பேனே, ஐயா” என்றார். குறை சொல்வது போலவே இல்லை. விலை கேட்டவருக்கு விலை சொல்வது போல் சொன்னார்.

அவருடைய 550 ரூபாயையும் நான் தந்துவிடுகிறேன் என்று பணத்தை நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டார். “நீங்களும்தானே கட்டினீர்கள்” என்றார். அவ்வளவு தூரம் வந்தவன் வெறுங்கையோடு போகக்கூடாதென்று இரண்டு முழம் மல்லிகை கேட்டேன். அளந்து கொடுத்தார். பிறகு, “அம்மாவுக்கு” என்று சொல்லி, இன்னும் ஒரு முழம் சேர்த்து வாழையிலையில் மடித்தார். அந்த ஒரு முழத்துக்கு மட்டும் காசு வாங்கவில்லை.