டச்சு மொழியும் நம் நாவும்

நெதர்லாந்து நாட்டில் ஆங்கிலம் அறிந்தவர் எவரும் வழி கேட்கத் தயங்கி நிற்க வேண்டியதில்லை. கடைக்காரர் முதல் மருத்துவர் வரை ஆங்கிலத்திலேயே விடை பகர்வர். இந்த வசதியே கற்பதற்குத் தடையாகி விடுகிறது. 1964இல் துருக்கியுடனும் 1969இல் மொராக்கோவுடனும் அந்நாடு செய்துகொண்ட உடன்படிக்கைகளின் வழியே உழைக்கச் சென்ற நம் சகோதரர்களுள் பெரும்பாலோர்க்கு ஆங்கிலம் என்னும் ஊன்றுகோல் இல்லை. பட்டறையிலும் சந்தையிலும் காதில் விழுந்த டச்சே அவர்க்குப் பாடமாயிற்று.

ஆங்கிலம் கற்று அங்கே குடியேறும் நம் குடும்பங்களோ, நகராட்சியின் கடிதம் வந்ததும் திகைக்கின்றன. பள்ளி செல்லும் பிள்ளை சில திங்களில் டச்சு பேசும்; பெற்றோர்க்கு அப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடும். அது வீட்டுக்கு நல்லதன்று.

ஆங்கிலேயர் நாவுக்கு இடறும் சில இடங்கள் நமக்கு எளியவை. ‘ஃகூதெமோர்ஃகன்’ எனும் காலை வணக்கத்தில் வரும் தொண்டை ஒலியை எழுப்ப அவர் படும் பாடு பெரிது. மக்தபில் உஸ்தாது மக்ரஜ் திருத்தி, ‘கைர்’ என ஓதப் பழக்கிய நமக்கு அது புதிதா? தென் மாநிலங்களில் அவ்வொலி இன்னும் மென்மையாய் ஒலிக்கும். ஆங்கிலத்தில் யாவர்க்கும் ஒரே முன்னிலைச் சொல். டச்சிலோ நம்மைப் போலவே மரியாதைக்கு ஒன்று, உரிமைக்கு ஒன்று. முதியவரிடம் ‘டங்க் யூ’ எனவும் தோழரிடம் ‘டங்க் யே’ எனவும் நன்றி கூறல் வேண்டும். ‘அல்ஸ்துப்லீஃப்ட்’ என்பது ‘தங்களுக்கு உவப்பாயின்’ எனப் பொருள்படும். ஒன்றைக் கேட்கும்போதும் சொல்வர், கையில் கொடுக்கும்போதும் சொல்வர். நாம் புழங்கும் ‘துட்டு’கூட அவர்தம் செப்புக்காசின் பெயர்தான்!

மணி கூறுவதில் மட்டும் விழிப்பு வேண்டும். ‘ஹால்ஃப் த்ரீ’ என்றால் மூன்றரை அன்று, இரண்டரை. மூன்றை நோக்கிய அரை என்பது அவர் கணக்கு. ஆங்கிலச் செவியோடு கேட்டவர் மருத்துவர் வாயிலில் ஒரு மணி நேரம் பிந்தி நிற்பார்.

நாம் தட்டுத் தடுமாறி டச்சில் தொடங்கினால், எதிரில் இருப்பவர் இரக்கத்தால் ஆங்கிலத்துக்குத் தாவுவார். அப்போது ‘இக் லேர் நேதர்லன்ட்ஸ்’, அதாவது ‘நான் டச்சு கற்கிறேன்’ என்று முகமலர்ச்சியுடன் சொன்னால் போதும். பெரும்பாலும் அவர் புன்னகைத்து, தம் மொழிக்கே திரும்பி, சற்று மெதுவாகப் பேசத் தொடங்குவார்.