குப்பையைக் கூட்டப் போயி உபயம் காணாமப் போச்சு

பாடாங் மேஹாவுல இருந்து எழுதுறேன். நான் கிலாங்குல சூப்பர்வைசர், எஸ்.பி.எம். வரைக்கும்தான் படிப்பு. கம்ப்யூட்டர் விஷயத்தை என் பாஷையில சொல்றேன், பொறுத்துக்குங்க.

நம்ம கோவில் உபய ரசீது அடிக்கிற புரோகிராமை என் மகனும் இன்னொரு தம்பியும் பார்த்துக்கிறாங்க. பக்கத்து எஸ்டேட் கோவிலும் அதைத்தான் வாங்கி ஓட்டுது. உபயக்காரர் பேர் பட்டியலும் அதுக்குள்ளேயே இருந்துச்சு (இருந்திருக்கக் கூடாது, அது வேற கதை). யார் எப்போ எதை மாத்தினாங்கன்னு 'கிட்' எழுதி வைக்கும். 2005-ல லினஸ் டோர்வால்ட்ஸ் செஞ்சது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு முத்திரை. அதுக்குள்ள முந்தின பதிவோட முத்திரையும் இருக்கும். நடுவுல ஒண்ணைத் தொட்டா, அதுக்குப் பிறகு வந்தது எல்லாமே மாறிடும்.

ஆடித் திருவிழாவுக்கு முந்தின வாரம், மகன் 'சும்மா', 'மறுபடியும் சும்மா'ன்னு எழுதி வெச்ச பழைய பதிவுங்களை ஒண்ணாக்கிட்டு, 'ஃபோர்ஸ்' போட்டு மேலே ஏத்திட்டான். அன்னிக்கு மத்தியானம் அந்தத் தம்பி ஏத்தின பேர் திருத்தம் அத்தனையும் போச்சு. மறுநாள் ஒரு பாட்டி வந்தாங்க. வருஷா வருஷம் காலமான தாத்தா பேர்ல உபயம் கொடுக்கிறவங்க. பட்டியல்ல அந்தப் பேர் இல்ல. "பரவாயில்ல தம்பி"ன்னு சொல்லிட்டு ஓரமா உட்கார்ந்துட்டாங்க. திட்டியிருந்தா கூட தேவல.

நல்லவேளை, தம்பி லேப்டாப்புல முழு நகல் இருந்துச்சு, அதுல இருந்து மீட்டோம். 2013-ல ஜென்கின்ஸ்னு பெரிய மென்பொருள் திட்டத்துலயே இப்படித் தவறுதலா 150-க்கு மேற்பட்ட களஞ்சியங்களைப் பின்னுக்குத் தள்ளிட்டாங்களாம்.

பழசை மாத்தவே கூடாதான்னு கேட்டா, அப்படியும் இல்ல. திருமழபாடி கோவில் விமானத்தைப் பிரிச்சுக் கட்ட ராஜராஜ சோழன் உத்தரவு போட்டப்போ, சுவர்ல இருந்த கல்வெட்டுங்களை முதல்ல புத்தகத்துல படியெடுக்கச் சொன்னார். ராஜேந்திரன் காலத்துல அதைப் புதுச் சுவர்ல திரும்ப வெட்டினாங்க.

இப்ப பையன்களும் அதே மாதிரிதான். கூட்டிப் பெருக்குறதுக்கு முன்ன வேற பேர்ல ஒரு கிளை எடுத்து வைக்கணும். இன்னும் யாருக்கும் கொடுக்காத சொந்த வேலையை எப்படி வேணா அடுக்கிக்கலாம். ஏத்தியே ஆகணும்னா 'ஃபோர்ஸ் வித் லீஸ்'. நாம கடைசியா பார்த்த பிறகு வேற யாராச்சும் ஏத்தியிருந்தா அது மறுத்துடும். ஆனா புதுசா வந்ததை இறக்கி வெச்சுட்டு, பார்க்காம அழுத்தினா அதுவும் காப்பாத்தாது. பக்கத்துக் கோவிலுக்குக் கொடுத்த பதிப்பை மட்டும் தொடவே கூடாது. தப்பு இருந்தா மேல புதுத் திருத்தம் போட்டு, அடுத்த எண் கொடுக்கணும். எங்க கிலாங் லாக் புக்குலயும் வெள்ளை மை தடை. ஒரே கோடு அடிச்சு, பக்கத்துல கையெழுத்து.

பாட்டி குடும்பத்து உபயம் இந்த வெள்ளிக்கிழமை. பட்டியலை மண்டப வாசல்ல ஒட்டியிருக்கோம். அவங்கவங்க பேரை வந்து பார்த்துட்டுப் போங்க.