ஒன்றும் இரண்டும்

எனக்கு அதிர்ஷ்டத்தில் நம்பிக்கை கிடையாது. கப்பல் என்ஜின் ரூமில் வேலை பார்ப்பவனுக்கு இருக்கவும் கூடாது. அப்படிப்பட்டவனை வாட்ச் முடிந்ததும் தூங்கவிடாமல் மெஸ் ரூமில் உட்காரவைத்தது ஏசி டூசி.

பேக்கமன் என்ற பகடைப் பலகை ஆட்டத்தின் பங்காளி இது. முதல் உலகப்போர்க் காலத்திலிருந்தே அமெரிக்கக் கடற்படையிலும் அந்நாட்டு வணிகக் கப்பல்களிலும் பேர்போனது. எனக்குக் கற்றுக்கொடுத்தவர், அந்தக் கடற்படையில் இருந்துவிட்டு வந்த வயதான போசன், எங்கள் டெக் ஆட்களின் மேஸ்திரி. அதே பலகை, அதே 24 முனைகள், ஆளுக்கு 15 காய்கள். ஆனால் தொடக்கத்தில் பலகை காலி. நம் தாயம் போல, வெளியே நிற்கும் காய்களைப் பகடை போட்டுத்தான் இறக்க வேண்டும். தாயம் விழக் காத்திருக்கத் தேவையில்லை. எதிராளி அடைக்காத முனை என்றால் எந்த எண்ணுக்கும் இறங்கலாம்.

ஆட்டத்தின் உயிர், ஒன்றும் இரண்டும் சேர்ந்து விழுவதில். 36-க்கு 2 வாய்ப்பு. விழுந்தால் முதலில் அந்த ஒன்றையும் இரண்டையும் ஆடிவிட்டு, பிடித்த இரட்டையை நாமே சொல்லிக்கொள்ளலாம். ஆறு-ஆறு என்றால் நான்கு ஆறு! அதையும் ஆடியபின் மறுபடி பகடை. தோற்றுக்கொண்டிருப்பவன் ஒரே கையில் எழுந்துவிடுவான்.

ஆனால் எந்த இடத்தில் ஆட முடியாமல் நிற்கிறதோ, அதோடு மீதி எல்லாம் போச்சு. இரண்டுக்கு இடமில்லையா, இரட்டையும் கிடையாது, மறு வீச்சும் கிடையாது.

என் கேவலமான சுபாவம் வெளிப்பட்டது இங்கேதான். எனக்கு அது விழுவதைவிட, அடுத்தவருக்கு விழுந்து வீணாவதில்தான் அலாதி சுகம். போசனின் காய்களுக்கு இரண்டு முனை தள்ளி இரண்டிரண்டு காய்களாக அடைத்துவைப்பேன். ஒருநாள் கடல் கொந்தளிப்பு. பகடை விளிம்பில் சாய்ந்து நின்றது, செல்லாது. மறுபடி போட்டார். ஒன்று, இரண்டு! மேஜையைத் தட்டினார். ஒன்றை ஆடினார். பிறகு அந்தத் தடித்த விரல்கள் ஒவ்வொரு காயாகத் தொட்டுத் தொட்டு விலகின. எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அவரோ பகடையைத் திட்டவில்லை. தன் காய்கள் நின்ற நிலையை ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த ஆட்டத்திலிருந்து அவருக்கு எங்காவது ஓர் இரண்டு திறந்தே இருந்தது. என் சுகம் போயிற்று.

எங்கள் பிழைப்பும் அப்படித்தான். லீவில் இருக்கும்போது ராத்திரியில் போன் வரும், நாளை மறுநாள் சிங்கப்பூரில் கப்பல் ஏற முடியுமா என்று. மருத்துவச் சான்றிதழ் 2 ஆண்டுக்குமேல் செல்லாது. தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை 5 ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். காகிதம் ஒன்று காலாவதியாகியிருந்தால் அந்த வேலை வேறொருவனுக்கு. ஊர் வந்ததும் இப்போது முதல் வேலையாகத் தேதிகளைத்தான் பார்க்கிறேன். பெட்டியைப் பிரிப்பதற்குள் திரும்பிப் போகிற பேச்சா என்று மனைவி கேட்கிறாள்.